பொருந்தாத இறக்கை



"மட்டமான சாமானை வாங்கிக் காசைக் கரியாக்காதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது சரியே. எழுதாத பேனாவையும் ஒழுகும் குடத்தையும் வாங்கி யார் என்ன செய்வது? ஆனால் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும் என்பது என் கட்சி. விமானம், கப்பல், மோட்டார் வண்டி ஆகியவற்றின் சிறிய மாதிரிகளை நாமே ஒட்டிச் செய்வதற்காகத் தனித்தனி உறுப்புகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அந்த 'மாடல் கிட்'டைத்தான் சொல்கிறேன். அதில் நேர்த்தியானதும் உண்டு, மட்டமானதும் உண்டு. மட்டமானதை ஒட்டி முடிப்பதில் உள்ள நிறைவு நேர்த்தியானதில் கிடைப்பதில்லை. இது என்ன விபரீதமான பேச்சு என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

இந்தப் பெட்டியைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இருக்காது. பிளாஸ்டிக் சட்டம் ஒன்றில், கொத்தில் காய்கள் தொங்குவது போல, சிறு சிறு உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உடலின் இடப்பாதி, வலப்பாதி, இறக்கைகள், வால், சக்கரங்கள், விமானி உட்காரும் நாற்காலி என்று முப்பதிலிருந்து சில நூறு உறுப்புகள் வரை இருக்கலாம். இவற்றை வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, படத்தைப் பார்த்து வரிசைப்படி ஒட்டி, வண்ணம் பூச வேண்டும்.

பொம்மைக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? அளவு விகிதம்தான். நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே நாம் கட்டும் பூங்காவை நினைத்துப் பாருங்கள். அங்கே யானையை விடப் பெரிய கிளி இருக்கும். கார் ஒன்று நாயின் வயிற்றுக்கடியில் புகுந்து போகும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாடல் கிட்டில் அந்தச் சலுகை கிடையாது. விமான மாதிரிகளில் மிகவும் வழக்கமான விகிதம் 1:72. ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி என்று வைத்துக் கொண்டதால் வந்த எண் இது. இந்தக் கணக்கில் 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் 24 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நிற்பார். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் உண்மை விமானத்தில் 72 மில்லிமீட்டர், அதாவது உங்கள் உள்ளங்கை அகலத்துக்குப் பிசகியதாகப் பொருள்.

இந்த விகிதத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1942-ல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு தேவை ஏற்பட்டது. வானில் பறப்பது நம் விமானமா, எதிரியின் விமானமா என்று ஒரே பார்வையில் சொல்ல வீரர்களைப் பழக்க வேண்டும். அதற்கு 5 லட்சம் விமான மாதிரிகள் வேண்டும் என்று கேட்டார்கள். யாரிடம்? உங்களைப் போன்ற உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம்! மாணவர்கள் மரக்கட்டையைச் செதுக்கி, அட்டை வார்ப்புருவை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, 1:72 விகிதத்தில் மாதிரிகள் செய்து கறுப்பு வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். அந்த அளவுள்ள மாதிரியை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், உண்மை விமானத்தை ஏறத்தாழ அரை மைலுக்கு அப்பால் பார்ப்பது போலத் தோன்றும். 35-ஐ 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், கணக்கு விளங்கும்.

சரி, பிளாஸ்டிக் கிட் எப்படி மட்டமாகிறது? செய்முறை தெரிந்தால்தான் குற்றமும் தெரியும். பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உருக்கி, பல நூறு வளிமண்டல அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துவார்கள். அச்சு இரண்டு பாதிகளாக இருக்கும். ஆறியதும் பிரித்து உறுப்பைத் தள்ளி வெளியே எடுப்பார்கள். வீட்டில் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை அச்சு பயன்படுத்துகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். அச்சின் இரு பாதிகளும் இறுக மூடாவிட்டால் கொழுக்கட்டையின் ஓரத்தில் மாவு மெல்லிய தகடாகப் பிதுங்கி நிற்கும் அல்லவா? பிளாஸ்டிக்கிலும் அப்படியே வரும். இதைப் பிசிறு என்போம். அச்சு பழையதாகி விளிம்பு தேயத் தேயப் பிசிறு கூடும். ஒரு பாதி சற்று நகர்ந்திருந்தால் உறுப்பின் நடுவே படி போன்ற மேடு விழும்.

இனி, ஆறும்போது நடப்பது. பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும் என்று படித்திருக்கிறீர்கள். பாலிஸ்டைரின் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் சுருங்குகிறது. அச்சு செய்பவர் இதைக் கணக்கிட்டு அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுவார். ஆனால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் ஆறினால்தானே கணக்கு பலிக்கும்? தடித்த இடம் மெதுவாக ஆறும். வெளித்தோல் கெட்டியான பிறகு உள்ளே சுருங்குவதால் தோலையும் உள்ளே இழுத்துப் பள்ளம் விழும். ஒரு பக்கம் முந்தி ஆறினால் இறக்கை வெயிலில் கிடந்த பலகை போல வளையும். அவசரக்காரத் தொழிற்சாலை ஆறும் நேரத்தைக் குறைத்துவிட்டால் இவை எல்லாமே கூடிவரும். ஆகவே, ஒரு மட்டமான கிட்டைக் கையில் எடுத்தால், வெப்பவியல் பாடத்தில் ஓர் அத்தியாயத்தையே கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்வேன்.

பொருளும் ஒரு காரணம். உலகில் முதன்முதலாக வந்த பிளாஸ்டிக் விமான கிட்டுகளை இங்கிலாந்தில் ஃபிராக் என்ற பெயருடைய நிறுவனத்தார் 1936-ல் வெளியிட்டார்கள். 'பெங்குவின்' என்று அவ்வரிசைக்குப் பெயர் வைத்தார்கள். பறக்கும் மாதிரி விமானங்களை ஏற்கெனவே விற்றுவந்தவர்கள் அவர்கள். பறக்காத மாதிரிக்குப் பறக்காத பறவையின் பெயர்! அவை செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. அந்தப் பொருள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே சுருங்கிக் கோணும். பிற்காலத்தில் பாலிஸ்டைரின் வந்ததும்தான் நிலைமை சீரானது. 1950-களில் ஏர்ஃபிக்ஸ் என்ற மற்றோர் ஆங்கில நிறுவனம் தன் முதல் விமான கிட்டாக 1:72 ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. ஸ்பிட்ஃபயரின் அழகே அதன் வளைவுகளில்தான் இருக்கிறது. அந்தக் கிட்டிலோ வளைவுகள் சரியாக அமையவில்லை. சில ஆண்டுகளிலேயே வேறு அச்சு செய்ய வேண்டியதாயிற்று. இருந்தும் பிள்ளைகள் அதை வாங்கி வாங்கி ஒட்டினார்கள்.

ஃபிராக்கின் பிற்கால அச்சுகளின் கதை இன்னும் சுவையானது. அந்த நிறுவனம் 1970-களின் நடுவில் கிட் செய்வதை நிறுத்தியபோது, அதன் எஃகு அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போரில் எதிரிகளாக இருந்த ஜெர்மனி, ஜப்பான் நாட்டு விமானங்களின் அச்சுகள் மட்டும் அங்கே போகவில்லை; அவை வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. சோவியத் தொழிற்சாலைகள் அவற்றைக் கொண்டு செய்த கிட்டுகள் சில காலம் 'நோவோ' என்ற பெயரில் வெளிநாடுகளிலும், பிறகு வெவ்வேறு உறைகளில் உள்நாட்டிலும் விற்பனையாயின. 1991-ல் ஒன்றியம் கலைந்த பின்னரும் அந்த அச்சுகளில் பல ஓயவில்லை. கைமாறிக் கைமாறி, புதிய பெட்டி, புதிய படத்தோடு அதே பழைய இறக்கைகள் வந்துகொண்டே இருந்தன. அச்சுக்கு வயதாக ஆகப் பிசிறும் கூடிற்று. ஒரே அச்சிலிருந்து இலண்டன் சிறுவனுக்கு ஒழுங்கான உறுப்பும், பதினைந்து ஆண்டு கழித்து வேறொரு நாட்டுச் சிறுவனுக்குப் பிசிறு மண்டிய உறுப்பும் கிடைத்தன. இருவரில் யார் அதிகம் கற்றார்கள் என்று என்னைக் கேட்டால், பின்னவன் பக்கமே நான் சாய்வேன்.

ஏன் என்று ஒரு கிட்டை வைத்தே சொல்கிறேன். நண்பர் ஒருவர் வெளியூரிலிருந்து எனக்கு ஒரு மிக்-21 வாங்கி வந்தார். நம் விமானப்படையில் 1963 முதல் 2025 வரை பணியாற்றி ஓய்வு பெற்ற விமானம். பிற்காலத்தில் நாசிக்கிலேயே கட்டப்பட்டது. அந்த கிட் எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே முக்கியமன்று. பெட்டியின் மேல் படம் அபாரம். உள்ளே இருந்ததோ வேறு. உடலின் இரு பாதிகளில் ஒன்று மற்றதை விட ஒரு மில்லிமீட்டர் நீளம். இறக்கை உடலில் செருகும் இடத்தில் நல்ல சந்து. செய்முறைத்தாளில் மொத்தம் நான்கு படங்கள். அவற்றில் ஓர் அம்புக்குறி எந்த உறுப்பையும் சுட்டாமல் வெட்டவெளியைச் சுட்டியது!

நேர்த்தியான கிட்டாக இருந்தால் அன்று மாலையே ஒட்டி முடித்திருப்பேன். இதிலோ முதலில் அளக்க வேண்டியதாயிற்று. மிக்-21-இன் இறக்கை முனைக்கு முனை 7.15 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 99 மில்லிமீட்டர். ஒட்டாமல், பசைநாடாவால் சும்மா பொருத்தி வெர்னியர் வைத்துப் பார்த்தால் 97. இரண்டு மில்லிமீட்டர் எங்கே போயிற்று? சுருக்கம் என்றால் அரை மில்லிமீட்டர்தான் போகும். ஆகவே அச்சு வெட்டியவரின் வரைபடத்திலேயே பிசகு இருந்திருக்க வேண்டும். பார்த்தீர்களா, ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு காரணத்தைத் துப்பறியத் தொடங்கிவிட்டோம்.

அடுத்தது இறக்கையின் சாய்வு. கிட்டில் அது நேராக உட்கார்ந்தது. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்புறமிருந்து எடுத்த நிழற்படங்களைப் பார்த்தால் உண்மை விமானத்தின் இறக்கை வேரிலிருந்து நுனிக்குக் கீழ்நோக்கி 2 பாகை சாய்ந்திருக்கிறது. உடலுக்கு வெளியே தெரியும் இறக்கையின் நீளம் மாதிரியில் சுமார் 41 மில்லிமீட்டர். 2 பாகையின் டேன்ஜன்ட் 0.035. பெருக்கினால் நுனி ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். திரிகோணமிதி எதற்குப் பயன்படும் என்று கணக்கு ஆசிரியரிடம் கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்கு நகல் எடுக்கும் தாளைப் பதினைந்து அடுக்கினால் போதும். அந்தத் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். விலையில்லாத அளவுகோல் இது. சந்தின் அகலத்தையும் இதே தாளைச் செருகி எண்ணித்தான் கண்டுபிடித்தேன்.

சந்தை அடைப்பது தனிக்கலை. லாரிப் பட்டறையில் நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்ப்பதைச் சாலையோரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கேயும். பட்டிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மிஞ்சிய சட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, கிட் ஒட்டும் பசையில் ஊறவைத்தால் அதுவே கூழாகிவிடும். காரணம், இந்தப் பசை மற்றப் பசைகளைப் போன்றதன்று. இது பாலிஸ்டைரினின் கரைப்பான். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை அது நெகிழ்த்துகிறது. இரண்டு பரப்புகளைச் சேர்த்து அழுத்தினால் இப்பக்கச் சங்கிலிகள் அப்பக்கம் புகுந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போன பின் அங்கே பசை என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. இரண்டு துண்டும் ஒரே துண்டாகிவிடும். ஒட்டியது என்பதைவிடப் பற்றவைத்தது என்பதே பொருத்தம்.

இனி மூக்கு. மிக்-21-இன் முன்வாயில் கூம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கிட்டில் அந்தக் கூம்பு மையம் விலகி, பள்ளம் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான், "இது எதற்காக அங்கே இருக்கிறது?" என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பாய்ந்து வரும் காற்றை அப்படியே ஜெட் எஞ்சினுக்குள் விட முடியாது. வேகத்தைக் குறைத்தே விட வேண்டும். கூம்பின் நுனியில் உண்டாகும் சாய்ந்த அதிர்ச்சி அலை அந்த வேலையை அதிக அழுத்த இழப்பின்றிச் செய்கிறது. வேகத்துக்கு ஏற்ப அந்தக் கூம்பு முன்னும் பின்னும் நகரவும் செய்யும். கூம்பு ஒழுங்காகவே வந்திருந்தால் ஒரு சொட்டுப் பசையோடு அதை மறந்திருப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கடைசியில் சக்கரங்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நிறுத்தினால் வால் தரையில் குந்தும்! செய்முறைத்தாள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல கிட் என்றால் "மூக்கில் இத்தனை கிராம் எடை வைக்கவும்" என்று சொல்லிவிடும், நீங்களும் வைத்துவிடுவீர்கள். சொல்லாததால் நெம்புகோலை நினைக்க வேண்டியதாயிற்று. எடுத்துக்காட்டாக, மாதிரியின் எடை 20 கிராம் என்றும், அதன் ஈர்ப்பு மையம் பின்சக்கரங்களுக்கு 6 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மூக்கில் இடமுள்ள குழி சக்கரங்களுக்கு 50 மில்லிமீட்டர் முன்னால். 20 × 6 = 120; 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4. ஆகவே 2.4 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக ஈயம் வேண்டும். தூண்டில் நூலில் கட்டும் ஈயக்குண்டு இரண்டு மூன்று போதும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன்பே இது நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இவ்வளவும் முடிந்து அந்தக் கோணல் விமானம் மூன்று சக்கரத்தில் நின்றபோது கிடைக்கும் நிறைவு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன். நேர்த்தியான கிட்டில் சிந்தித்தவர் வேறொருவர். இன்று சில நிறுவனங்கள் அருங்காட்சியகத்தில் நிற்கும் உண்மை விமானத்தையே லேசர் ஒளியால் அளந்து, கணினியில் அச்சு வரைகிறார்கள். உறுப்புகள் 'டக்'கென்று பொருந்தும். அது பெரிய சாதனை, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாதனை அவர்களுடையது. நம் கை அவர்கள் சொன்னபடி நடக்கிறது, அவ்வளவே. மட்டமான கிட்டிலோ அவர்கள் பாதியில் விட்டுப்போன வேலையை நாம் எடுத்து முடிக்கிறோம். எந்தச் சந்து ஏன் வந்தது, எப்படி மூடியது என்று ஒவ்வொரு மில்லிமீட்டரும் நமக்குத் தெரியும்.

இதை ஒரு கல்லூரி ஆசிரியன் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறான் என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்கிறார்கள். ஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். 9.5 வந்தால் என்ன செய்கிறார்கள்? "சார், தப்பா வருது" என்று ஒருவன் வருவான். மற்றவர்கள் வரமாட்டார்கள். அலைவு நேரத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதி 9.8-ஐ வரவழைத்துவிடுவார்கள். பதிவேடு மணிமணியாக இருக்கும். ஊசலின் நீளத்தைக் கொக்கியிலிருந்து அளந்தார்களா, குண்டின் மையம் வரை அளந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்த 9.5-க்குள் ஒளிந்திருந்த செய்தி குப்பைக்குப் போய்விடுகிறது.

கிட்டில் இந்த வித்தை செல்லாது. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே சந்து இருந்தால் இருக்கிறதுதான். பேனாவால் அதை அழிக்க முடியாது. தேய்த்தோ அடைத்தோதான் ஆக வேண்டும். நேர்மையை இவ்வளவு மலிவாகப் பழக்கித் தரும் வேறொரு கருவி எனக்குத் தெரியாது.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போகும்போதும் இதையே காண்கிறேன். இப்போதெல்லாம் மாதிரிகளை முழுசாகவே கடையில் விற்கிறார்கள். எரிமலை வேண்டுமா, காற்றாலை வேண்டுமா, பணம் கொடுத்தால் போதும். ஒருமுறை இரண்டு மேசைகளில் இரண்டு மண் அள்ளும் இயந்திர மாதிரிகள். மருந்து ஊசிக் குழாய்களில் நீரை அடைத்து, அழுத்தினால் கை தூக்கும் வகை. ஒன்று கடையில் வாங்கியது, பளபளவென்று இருந்தது. "உள்ளே காற்று புகுந்தால் என்ன ஆகும் தம்பி?" என்றேன். பையன் விழித்தான். அவனுக்குக் காற்றே புகுந்ததில்லை. அடுத்த மேசையில் அட்டையால் செய்த கோணல் மாணலான இயந்திரம். அதே கேள்விக்கு அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, "குமிழி இருந்தா சார், நாம அழுத்தினதும் அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கிடுது. கை தூக்காது. குழாயைத் தண்ணிக்குள்ளயே முக்கி மாட்டினேன், அப்புறம் சரியாப் போச்சு" என்றாள். திரவம் அமுங்காது, வாயு அமுங்கும் என்பதை அவள் விரல்கள் அறிந்திருந்தன. பரிசு யாருக்கு என்பதில் மற்ற நடுவர்களோடு எனக்குச் சிறிது வாக்குவாதம் ஆயிற்று. அது போகட்டும்.

"அப்படியானால் மட்டமாகச் செய்யும் கம்பெனிக்காரனைக் கோயில் கட்டிக் கும்பிடலாமே!" என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேலி செய்வார். இல்லை ஐயா. உறுப்பே குறைந்திருக்கும் பெட்டியும், பிளாஸ்டிக் அச்சை நிரப்பாமல் பாதியில் நின்றுபோன இறக்கையும் ஏமாற்று வேலைதான். திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். நான் சொல்வது, எல்லாம் இருந்தும் எதுவும் சரியாகப் பொருந்தாத வகை. கொஞ்சம் உழைத்தால் வழிக்கு வரும் கோணல். அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்வேன். உலகத்தில் எந்த கிட்டும் முற்றிலும் சரியானதன்று, இருக்கவும் முடியாது. விமானத்தின் அலுமினியத் தோல் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும் என்று கொள்ளுங்கள். 72-ஆல் வகுத்தால் 0.014 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்க முடியாது. கிட்டின் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், உண்மை விமானத்துக்கு 72 மில்லிமீட்டர் தடித்த சுவர் வைத்தது போல. மிக உயர்ந்த விலையுள்ள கிட்டிலும் இந்தப் பொய் உண்டு, நேர்த்தியாக மறைத்திருப்பார்கள். நீளம் 72-ல் ஒரு பங்கானால் கனஅளவு 3,73,248-ல் ஒரு பங்காகும். மிக்-21-இன் பிற்கால வகை ஒன்று பறக்கப் புறப்படும்போது ஏறத்தாழ 8,700 கிலோ. அதை இந்த எண்ணால் வகுத்தால் 23 கிராம். உங்கள் மாதிரி அதே எடையாக இருக்குமா, ஏன் இருக்காது என்று தராசில் வைத்துப் பார்த்து யோசியுங்கள். மட்டமான கிட் தன் பொய்யை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால்தான் இந்த யோசனைகள் எல்லாம் எழுகின்றன.

முதன்முதலாக ஒட்டப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் ஊர்ப் பொம்மைக் கடைகளில் இவை எளிதில் கிடைப்பதில்லை. பெரிய நகரங்களில் சில கடைகளிலும் இணைய வழியாகவும் கிடைக்கும். பெட்டியின் மேல்படத்தில் மயங்க வேண்டாம். முப்பது, நாற்பது உறுப்புகள் உள்ள மலிவான ஒன்றே தொடங்குவதற்குப் போதும். நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் சரி. பசையின் ஆவி உடலுக்கு ஆகாது, தீயும் பிடிக்கும். ஆகையால் சன்னல் திறந்த அறையில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வைத்து ஒட்டுங்கள். எந்த உறுப்பையும் முதலில் ஒட்டாமல் பொருத்திப் பாருங்கள். வளைந்த இறக்கையைச் சுடுநீரில் சில விநாடி வைத்து, கையால் நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் நிமிர்ந்த நிலையிலேயே நிற்கும். பாலிஸ்டைரின் 100 பாகையை நெருங்கும்போது இளகத் தொடங்கும் என்பதே இதன் சூட்சுமம். சுடுநீரைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

ஒட்டுவதற்கு முன் ஒரு நோட்டில் இறக்கையின் அகலம், உடலின் நீளம், சந்துகளின் அளவு மூன்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முடித்த பின் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். எனக்கும் ஆசிரியர் முகவரிக்கு ஒரு கடிதம் போடலாம். அழகாக வந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. எந்த இடத்தில் எத்தனை தாள் செருக முடிந்தது, அதை எப்படி அடைத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.